மீண்டும் மைதானத்துக்கு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1986ஆம் ஆண்டு உயர்தர வகுப்புத் தோழியர் ஐவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு வருட வரலாற்றைப் பேசுவதற்கு எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பழைய கட்டடத்தைப் பற்றியும் நூலகத்தைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் அவர்கள் சொல்வார்கள். நாங்கள் ஐந்து பேரும் மைதானத்தைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டோம். செயற்குழுவினர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். எங்களைப் பார்த்தால் மைதானத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஐந்து பேருக்கும் வயது ஐம்பத்தெட்டை அண்டிவிட்டது. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், ஒருவர் வீட்டில் தையல் செய்பவர், ஒருவர் கணவருடன் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம் பார்ப்பவர், ஒருவர் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இருப்பவர். யாரும் வீராங்கனை இல்லை. ஆனால் இன்று காலை ஆறு மணிக்கு நாங்கள் ஐவரும் ஓடிவிட்டுத்தான் சேலை கட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறோம்.

எங்கள் ஊரின் பருவம் உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் பின்னேர இடியோடு தொடங்கும் மழை, மார்கழி முடியும்வரை விடாது. உடுப்புக் காயாது. சுவர் பூஞ்சணம் பிடிக்கும். சுது கங்கை கலங்கி ஓடும். தை பிறந்ததும் ஒரு நாள் காலையில் மூடுபனி விலகி, நக்கிள்ஸ் மலைத்தொடர் கழுவிவிட்டதுபோல் தெரியும். அன்றைக்கே மைதானத்துப் புல்லில் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிடும். மாசி மகத்துக்கு முத்துமாரி அம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வருவதற்குள் போட்டி முடிந்து, வென்ற இல்லத்துப் பிள்ளைகள் ஒரு கிழமைக்குத் தலைநிமிர்ந்து நடப்பார்கள். குளிர்நாட்டுக்காரருக்கு வசந்தம் என்று ஒன்று இருக்கிறதே, எங்களுக்கு அதுதான் வசந்தம்.

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த போட்டியில் எங்களில் நால்வர் அஞ்சலோட்டம் ஓடினோம். ஐந்தாமவள் முடிவுக் கோட்டில் கயிறு பிடித்தாள். மூன்றாவது கைமாற்றலில் கோல் விழுந்துவிட்டது. விழுந்த கோலை எடுத்துக்கொண்டு ஓடி இரண்டாம் இடம் வந்தோம். யார் கை தவறியது என்று இன்றுவரை தீர்ப்பு இல்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனோம்.

அந்த வருடம் ஜூலை வந்தது. மாத்தளைக் கடைத்தெரு எப்படி எரிந்தது என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் ஒரே சட்டம்தான்: பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு. பின்னேரப் பயிற்சி நின்றது. அப்பாவின் சைக்கிளில் வளவுக்குள் சுற்றிவந்த இருவருக்கும் அதுவும் நின்றது. அந்தச் சட்டத்தில் அன்பு இருந்தது, பயமும் இருந்தது. பெற்றோரை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலைமை மாறிய பிறகும் அந்தச் சட்டம் எங்களை விட்டுப் போகவில்லை. “இனி ஓடாதே” என்று யாரும் வாயால் சொல்லவுமில்லை. பரீட்சை வந்தது, வேலை வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், மாமியாருக்குச் சுகமில்லாமல் போனது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். எல்லாக் காரணங்களையும் கூட்டிப் பார்த்தபோது நாற்பது வருடம் கழிந்திருந்தது. எங்கள் அண்ணன் தம்பிமாருக்கும் வேலையும் கலியாணமும் வந்தனதான். அவர்கள் பின்னேரம் பந்தடிக்கப் போனதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்த சிலர் களைத்துத் தரையில் விழுந்ததைக் காரணம் காட்டி, பெண் உடம்புக்கு இது ஆகாது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். ஆண்களும் ஓடி முடித்துக் களைத்து விழுவதுண்டு. அது யார் கண்ணிலும் படவில்லை. 32 வருடம் கழித்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அந்த ஓட்டம் திரும்ப வந்தது. பெண்களுக்கான மரதன் 1984இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதாவது நாங்கள் அஞ்சலோட்டம் ஓடிய நாளில், ஒரு பெண் ஒலிம்பிக்கில் மரதன் ஓட வழியே இருக்கவில்லை. நம் நாட்டில் 1948இல் டங்கன் வைற் பெற்ற பதக்கத்துக்குப் பிறகு 52 வருடம் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை. அதை 2000ஆம் ஆண்டு சிட்னியில் கொண்டுவந்தவர் சுசந்திகா ஜயசிங்க என்ற கிராமத்துப் பெண். 200 மீற்றரில் அவர் பெற்ற வெண்கலம், முதலிடம் வந்தவரின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு வெள்ளியாக உயர்ந்தது. அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்களும் கைதட்டினோம். மடியில் பிள்ளை, அடுப்பில் சோறு. எழுந்து ஓட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்துச் சொல்லப்போவதைச் சொல்லவா விடவா என்று எங்களுக்குள் இரண்டு நாள் விவாதம் நடந்தது. சொல்லாவிட்டால் இந்த உரைக்கு அர்த்தம் இல்லை என்று முடிவு செய்தோம்.

எங்களில் ஒருத்தியின் மகளும் இந்தக் கல்லூரியில்தான் படித்தாள். 1500 மீற்றர் ஓடுவாள். 2008இல் மாகாணப் போட்டிக்குத் தெரிவானாள். அந்த வருடம் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளை இனிப் பயிற்சிக்கு வரமாட்டாள் என்று விளையாட்டு ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனாள். மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஓட்டச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். எட்டு ‘ஏ’ வந்தது. வீடு கொண்டாடியது. அதற்குப் பிறகு அவள் மைதானத்தில் கால் வைக்கவில்லை. ஒருத்தி என்று சொன்னோம். மற்ற நால்வரும் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு விதமாக அதையேதான் செய்தோம். டியூஷன் வகுப்பு, கறுத்துவிடுவாய், விழுந்தால் தழும்பு, யார் பார்ப்பார்களோ. 1983இல் பயம் போட்ட சட்டத்தை, அந்தப் பயம் தெரியாத பிள்ளைகளுக்கும் நாங்களே போட்டோம்.

அந்த மகள் இப்போது கனடாவில் டொரொண்டோவில் இருக்கிறாள். 2022 ஏப்ரலில் ஒரு நாள் வீடியோவில் அழைத்தாள். ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினாள். வீதியோரத்தில் கறுத்துப்போன பனிக்குவியல் உருகி ஓடிக்கொண்டிருந்தது. மரத்தில் இலை இல்லை, ஆனால் மொட்டு இருந்தது. “அம்மா, இங்கே ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, இந்த நாள் வந்ததும் ஊரே ஓடத் தொடங்கும். கிழவி கிழவன் எல்லாம் ஓடுகிறார்கள். நானும் நாளைக்குத் தொடங்கப் போகிறேன். பதினான்கு வருடம் ஆகிவிட்டது” என்றாள். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, நீங்களும் ஓடினீர்கள்தானே? உங்களுக்கு எப்போது பனி உருகும்?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் கோபமாகக் கேட்கவில்லை.

அந்த வருடம் நம் நாடு எப்படி இருந்தது என்பது தெரியும். எரிபொருள் வரிசை மைல் கணக்கில் நின்றது. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அறிவித்தார்கள். பாடசாலைகள் மூடப்பட்டன. துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் எல்லா வீட்டுப் பின்புறங்களிலிருந்தும் வெளியே வந்தன. எங்கள் வீடுகளிலும் மூன்று இருந்தன. ஒன்று மகனுடையது, ஒன்று காலமான மாமனாருடையது, ஒன்று கடையில் மூட்டை ஏற்றும் பெரிய வண்டி. டயர், டியூப் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனாலும் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டை மாற்றி, மூன்றையும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம்.

ஐவரில் இருவருக்குத்தான் ஓட்டத் தெரியும், அதுவும் நாற்பது வருடப் பழசு. மற்ற மூவர் ஐம்பத்தைந்து வயதில் பழகுவதா என்று வெட்கப்பட்டோம். அப்போது எங்கள் ஆசிரியைத் தோழி ஒரு கதை சொன்னாள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். வயலில் வேலை செய்தவர்களும் கல்லுடைத்தவர்களுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். பெண்களுக்கான வண்டி போதாமல்போனபோது ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அதைக் கேட்ட பிறகு எங்களுக்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. பாடசாலை மூடியிருந்த நாட்களில், ஆள் இல்லாத ஒழுங்கையில், ஒருவர் பின்னால் பிடிக்க ஒருவர் ஓட்டினோம். இருவர் விழுந்தோம். ஒருவருக்கு முழங்கையில் தோல் போனது. மூன்று கிழமையில் ஐவருக்கும் ஓட்டத் தெரிந்துவிட்டது.

நமது ஊர் மேடும் பள்ளமும் என்பதால் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். ஆசனத்தை உயர்த்தி வையுங்கள். குதிகாலை மிதியில் வைத்தால் கால் நீள வேண்டும், அப்போதுதான் முழங்கால் தப்பும். மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானம் அல்ல. ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. எல்கடுவைப் பக்கமிருந்து இறங்கும்போது எங்களில் ஒருத்தி முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்து, கைப்பிடிக்கு மேலால் போய் விழுந்து, ஒரு மாதம் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வேகம் கூடிய பிறகு அல்ல, கூடுமுன்னரே பிடிக்க வேண்டும். ஏ9 வீதியில் தம்புள்ளை லொறிகள் ஓடத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். முடிந்தவரை உள்வீதிகளே நல்லது.

ஓட்டத்துக்கு வந்தது 2023 தைப்பொங்கல் கழிந்த கிழமை. மழை விட்டு மூன்றாம் நாள். அதற்கு முன் ஐவரும் வைத்தியரிடம் போய் இரத்த அழுத்தம், சீனி, இதயம் எல்லாம் பார்த்துக்கொண்டோம். தங்கைமாரே, நாற்பது தாண்டியவர்கள் இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். எங்களில் ஒருத்திக்கு நீரிழிவு இருந்தது அன்றுதான் தெரியவந்தது.

முதல் நாள் ஐவரும் பழைய நினைப்பில் ஒரேயடியாக ஓடினோம். மின்கம்பம் மூன்று தாண்டவில்லை. மூச்சு முட்டி, விலாவைப் பிடித்துக்கொண்டு வீதியோரக் கல்லில் உட்கார்ந்தோம். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “என்ன டீச்சர், நாய் துரத்தியதா?” என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எழும்ப முடியவில்லை. அன்றைக்கு விட்டிருந்தால் விட்டதுதான்.

கனடாவிலிருந்து மகள் முறை சொல்லிக்கொடுத்தாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. கிழமைக்கு மூன்று நாள் மட்டும். இடைநாளில் உடம்புக்கு ஓய்வு, அல்லது சைக்கிள். ஓடும்போது பக்கத்திலிருப்பவளோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டு. அவ்வளவுதான். மூச்சு இரண்டு மாதத்தில் பழகிவிடும், மூட்டும் தசைநாரும் பழக அதைவிட அதிக காலம் வேண்டும். ஆகவே மூச்சு சொல்வதைக் கேட்டு அவசரப்படக் கூடாது என்றாள். நல்ல சப்பாத்துக்கு மட்டும் காசு செலவழியுங்கள், மற்றதெல்லாம் இருக்கிற உடுப்பே போதும் என்றாள். நாங்கள் அவளுக்கு மறுத்த பயிற்சியை அவள் எங்களுக்குத் தந்துகொண்டிருந்தாள். இதை நாங்கள் அவளிடம் சொல்ல ஒரு வருடம் ஆனது. சொன்னபோது, “தெரியும் அம்மா, இன்றைக்கு எத்தனை தடவை ஓடினீர்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடம் மாசி மகத்துக்குள் நடையும் ஓட்டமுமாக நகரத்திலிருந்து அலுவிகாரை வரை 3 கிலோமீற்றர் போனோம். அடுத்த வருடம் போய்த் திரும்பினோம். பதின்ம வயதில் 200 மீற்றரை ஓடிய வேகம் இனி வராது. எங்களைக் கடந்து போகும் பாடசாலைப் பையன்கள் சிரிப்பார்கள். முதல் மாதம் கேலி பேசிய கடைத்திண்ணை, மூன்றாம் மாதம் “இன்றைக்கு நேரம் பிந்திவிட்டதே” என்று கேட்கத் தொடங்கியது.

என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். நீரிழிவு இருந்த தோழிக்கு மருந்து நிற்கவில்லை, ஆனால் அளவு குறைந்தது. ஒருத்திக்கு நித்திரை திரும்ப வந்தது. கணவரை இழந்து ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த ஒருத்தியை, காலை ஐந்தே முக்காலுக்குக் கேற்றைத் தட்டித் தட்டி வெளியே கொண்டுவந்தோம். அவள் ஓடவில்லை. பேசாமல் எங்களோடு நடந்தாள். நாற்பதாவது நாளோ என்னவோ, தானாகவே ஓடினாள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்குப் பிரித்தால் 22 நிமிடம். நம் வீடுகளில் ஒரு நாடகத் தொடரின் நேரம்.

வயது போய்விட்டது என்று நினைக்கும் அக்காமாருக்கு ஒரு செய்தி. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைக் கடந்த நிலையில் தங்கப் பதக்கம் வென்றார். எங்களுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது!

இனி எங்கள் கோரிக்கைகள். மூன்றுதான்.

முதலாவது, பழைய மாணவியர் சங்கத்துக்கு. ஒவ்வொரு வருடமும் விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவியருக்கு என்று சங்கீதக் கதிரை வைக்கிறீர்கள். நாங்களும் சந்தோஷமாகச் சுற்றியிருக்கிறோம். அதோடு ஓர் அஞ்சலோட்டமும் வையுங்கள்: ஒரு மாணவி, ஒரு ஆசிரியை, ஒரு தாய், ஒரு பழைய மாணவி. நடந்து முடித்தாலும் குற்றமில்லை.

இரண்டாவது, அதிபர் அவர்களுக்கு. தை முதல் பங்குனி வரை, கிழமையில் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரம், பழைய மாணவியருக்கும் தாய்மாருக்கும் மைதானத்தைத் திறந்துவிடுங்கள். வீதியில் ஓடக் கூச்சப்படும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காவலாளிக்கான கொடுப்பனவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். எங்களிடமுள்ள மூன்று வண்டிகளையும் கல்லூரிக்கே தருகிறோம். பத்தாம் வகுப்புக்கு வருமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது, தாய்மாருக்கு. பரீட்சை வருடத்தில் பிள்ளையை மைதானத்திலிருந்து கூட்டிக்கொண்டு போக நீங்கள் வரும்போது, கேற்றடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். படிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் ஐவரையும் நிமிர்த்தியது இந்தக் கல்லூரி தந்த படிப்புத்தான். பின்னேரத்தில் ஒரு மணி நேரத்தை மட்டும் அந்தப் பிள்ளைக்கு விட்டுவையுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட அந்த மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களால் இப்போது முடியவில்லை.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, நாளை காலை ஐந்தே முக்காலுக்கு நாங்கள் கல்லூரி வாசலில் நிற்போம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மெதுவாகத்தான் ஓடுவோம், பின்தங்குபவருக்காக எல்லோரும் நின்று சேர்ந்தே போவோம். மழை வந்தால் மட்டும் அடுத்த நாள்.